பழைய காரா, பழம்பொருளா?

கதவு முதல் கல்லாப்பெட்டி வரை எல்லாப் பழசுக்கும் விலை சொல்கிறது கொச்சியின் ஜூ டவுன். அதிகம் ஓடாத, நன்றாகப் பராமரித்த ஒரு மடிப்புக் கூரைக் காரை விற்க நினைப்பவர் அந்தத் தெருவில் ஒரு நடை நடந்துவிட்டு வருவது நல்லது.

மட்டாஞ்சேரியின் ஜூ டவுன் தெருவுக்கு இரண்டு வாசனைகள். ஒன்று மிளகும் சுக்கும் ஏலமும். இன்னொன்று பழைய மரத்தில் பூசிய மெருகெண்ணெய். முதலாவது வருடத்துக்கு வருடம் குறைகிறது, இரண்டாவது ஏறிக்கொண்டே போகிறது. மிளகு மூட்டைகள் அடுக்கிய கிடங்குகளில் இன்று தேக்குத் தூண்கள், பித்தளைப் பூண் போட்ட பெட்டகங்கள், சீன ஜாடிகள், நாலு பேர் உள்ளே உட்காரலாம் போன்ற வெண்கல வார்ப்புகள். ஓரிடத்தில் ஒரு முழு சுண்டன் வள்ளமே கரையேறிக் கிடக்கிறது. தெருக்கோடியில் 1568-ல் கட்டிய பரதேசி யூதர்களின் ஜெப ஆலயம். அதன் மணிக்கூண்டுக்கு அடியில் வந்து நிற்கிற வெளிநாட்டுக்காரர் திரும்பிப் போகும்போது எதையாவது விலை கேட்காமல் போவதில்லை.

தமிழில் 'பழைய பொருள்' என்றால் காயலான் கடை. 'பழம்பொருள்' என்றால் கண்ணாடி அலமாரி. இலக்கணப்படி இரண்டுக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. ஆனால் ஜூ டவுனில் அந்த ஒரு புணர்ச்சிக்கு லட்சக்கணக்கில் விலை. ஆங்கிலத்தில் 'விண்டேஜ்' என்ற சொல் செய்கிற வேலையும் இதுதான். திராட்சை அறுவடையைக் குறித்த அந்தச் சொல், ஒயின் பாட்டில் வழியாகக் கார் கொட்டகைக்குள் வந்து சேர்ந்தது. 'கன்வர்ட்டிபிள்' அதைவிட மோசம். அகராதியை நம்பினால் 'மாற்றத்தக்கது' என்று எழுதிவிட்டுப் பேனாவை மூட வேண்டியதுதான். கூரையை மடித்துப் பின்னால் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு போகிற வண்டி என்று எப்படி ஒரு வார்த்தையில் சொல்வது? நம் ஊர் மெக்கானிக்குகள் 'ஓப்பன் கார்' என்கிறார்கள். அதுவே போதும்.

இப்படி ஒரு ஓப்பன் காரை விற்பது, ஒரு மாருதியை விற்பது போன்ற காரியமில்லை. பேச வசதியாக ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். 1950-களின் தொடக்கத்தில் வந்த மோரிஸ் மைனர், கூரை மடிகிற மாடல். ஃபோர்ட் கொச்சியிலோ மட்டாஞ்சேரியிலோ ஒரு பழைய வீட்டின் ஷெட்டில் நிற்கிறது. வாங்கிய பெரியவர் இல்லை. பிள்ளைகள் துபாயிலும் டொரண்டோவிலும். வீட்டை விற்கப்போகிறார்கள், அதற்கு முன்னால் வண்டிக்கு ஒரு வழி செய்ய வேண்டும். கேரளத்தில் இது அபூர்வமான நிலைமை இல்லை, தமிழ்நாட்டிலும் இல்லை.

மோரிஸ் மைனரைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. பிற்பாடு மினி காரை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸின் கைவண்ணம் இது. 1948-ல் லண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானபோது விலை 358 பவுன். பவுனுக்குப் பதிமூன்று ரூபாய் சொச்சம் என்ற அன்றைய கணக்கில் 5,000 ரூபாய்க்குள். பிரிட்டனில் 10 லட்சத்தைத் தாண்டி விற்ற முதல் கார் இதுதான். அதில் ஓப்பன் கார்கள் மட்டும் சுமார் 75,000. 1969-ல் அந்த மாடலை நிறுத்திவிட்டார்கள். இந்தியாவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் இதையே 'பேபி இந்துஸ்தான்' என்ற பெயரில் கொடுத்தது. 1950-களின் நடுவில் வெளிநாட்டுக் கார் இறக்குமதிக்குக் கதவு ஏறக்குறைய மூடப்பட்டது. அதற்கு முன் வந்தவைதான் இன்று நம் ஊர் ஷெட்டுகளில் இருக்கும் மைனர்கள்.

முதல் கேள்வி, இது சட்டத்தின் கண்ணில் என்ன வண்டி? 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த, சொந்த உபயோகத்துக்கான இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகள் விண்டேஜ் என்று பதிவு பெறலாம். நிபந்தனை ஒன்றுதான், ஆனால் கடுமையானது. சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றைப் பெரிய அளவில் மாற்றியிருக்கக்கூடாது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். வண்டி அன்று விற்ற விலையைப்போல் நாலு மடங்கு! பதிவு 10 வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்க 5,000. புதிதாகப் பதிகிற வண்டிக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகள் சேர்ந்த எண் கிடைக்கும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கடைசிச் சலுகையின் மதிப்பு விற்பவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. 'கே.எல்.இ.' என்று தொடங்கும் அந்தக் கால எர்ணாகுளம் எண் பலகை, காரின் ஒரு உறுப்பு. அதை இழந்த கார், கைப்பிடி மாற்றிய பெட்டகம் மாதிரி.

ஆனால் விண்டேஜ் பதிவு வாங்கிவிட்டால் வண்டியை நினைத்தபடி ஓட்ட முடியாது. கண்காட்சி, பழைய கார்களின் ஊர்வலம், தொழில்நுட்ப ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது ஆகியவற்றுக்கு மட்டும் அனுமதி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குடும்பத்தோடு ஃபோர்ட் கொச்சி கடற்கரைக்குக் காற்று வாங்கப் போவது இந்தப் பட்டியலில் இல்லை. வேண்டாம் என்றால், மற்ற வண்டிகளைப்போல ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கலாம். அதற்கும் செலவு ஏறிவிட்டது. 20 வருடம் தாண்டிய காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 5,000-த்திலிருந்து 10,000 ஆனது. விற்கும் முன் எந்தப் பதிவில் வண்டியை வைப்பது என்று முடிவெடுக்க வேண்டும். வாங்க வருபவர் யார் என்பதையே அது மாற்றிவிடும்.

இரண்டாவது கேள்வி கூரையைப் பற்றியது. ஜூ டவுன் பாடம் முழுமையாகப் பயன்படுவது இங்கேதான்.

அந்தத் தெருவில் விற்கிற எல்லாமே பழசு அல்ல என்பது வாங்குகிறவர்களுக்கும் தெரியும், விற்கிறவர்களுக்கும் தெரியும். புதுத் தேக்கைச் செதுக்கி, சாயம் ஏற்றி, மூலைகளைத் தேய்த்து, புகையில் வைத்து இருநூறு வருடம் வயதாக்குகிற கைகள் நம் நாட்டில் உண்டு. கார் உலகத்தில் இதற்குச் சமமான வேலை, மூடிய காரின் கூரையை அறுத்து ஓப்பன் கார் ஆக்குவது. கட்டர் ஒன்றும், துணிக்கூரை தைக்க ஒரு ரெக்சின் கடையும் போதும். கல்யாண ஊர்வலத்துக்கும் சினிமாவுக்கும் இப்படி அறுபட்ட கார்கள் எத்தனையோ.

மைனருக்குத் தனி சேஸிஸ் கிடையாது. பாடியே எலும்புக்கூடு. கூரையும் அந்த எலும்புக்கூட்டின் ஒரு பகுதி. அதனால் தொழிற்சாலையிலேயே ஓப்பன் காராகச் செய்தவற்றில் கதவுக்குக் கீழேயுள்ள வாசற்படிப் பெட்டிக்கு உள்ளேயும் கதவுத் தூண்களிலும் கூடுதல் தகடு வைத்து வலுவூட்டினார்கள். அறுத்த காரில் இது இருக்காது. சோதிக்க லென்ஸ் வேண்டாம். இரண்டு கனமான ஆட்களை முன்சீட்டில் உட்காரவைத்துக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தால் போதும். கதவு இடித்தால், அல்லது மூடிய பிறகு மேல்விளிம்பில் இடைவெளி மாறினால், வண்டி நடுவில் தொய்கிறது என்று அர்த்தம். அறுத்ததாக இருக்கலாம். அல்லது அசலாகவே இருந்து, கொச்சியின் உப்புக்காற்று அந்த வாசற்படிப் பெட்டியை உள்ளிருந்து தின்றிருக்கலாம். இரண்டுமே நல்ல சேதி இல்லை.

சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் 1960-களில் செய்த ஹெரால்டின் கதை வேறு. அதற்குத் தனி சேஸிஸ் உண்டு. பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு இணைத்திருந்தார்கள். மூக்கு முழுவதும் முதலை வாய்போல முன்பக்கம் திறக்கும். கூரையையும் கழற்றலாம் என்பதால், அறுக்காமலே ஹெரால்டு பல பேர் கையில் 'ஓப்பன்' ஆயிற்று. அதனால் ஹெரால்டில் அசலையும் ஆக்கியதையும் பிரிப்பது மைனரைவிடக் கஷ்டம். பேப்பரைத்தான் பார்க்க வேண்டும்.

பேப்பர் என்றால் ஆர்.சி. புத்தகத்தில் 'பாடி வகை' என்ற கட்டம். அதில் 'சலூன்' என்று எழுதியிருந்து ஷெட்டில் ஓப்பன் கார் நின்றால், சிக்கல் அழகைப் பற்றியது மட்டுமல்ல. உற்பத்தியாளர் கொடுத்த அம்சங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை ஐயத்துக்கு இடமில்லாமல் உறுதிப்படுத்தியது. அதற்குப் பிறகு கேரள மோட்டார் வாகனத் துறையினர் மாற்றிய வண்டிகள்மேல் காட்டும் ஆர்வம் ஊரறிந்தது. அறுத்த காரை அசல் என்று விற்பவர், வாங்குபவர் தலையில் ஒரு வழக்கையும் சேர்த்துக் கட்டுகிறார். அறுத்தது என்று சொல்லியே விற்பது நியாயம். விலை குறையும்தான், குறையட்டும்.

மூன்றாவது கேள்வி, எவ்வளவு ஓடியது? விளம்பரங்களில் இதற்கென்றே ஒரு இலக்கியம் வளர்ந்திருக்கிறது. 'டாக்டர் ஓட்டிய வண்டி', 'ஒரே சொந்தக்காரர்', 'மிகக் குறைந்த கிலோமீட்டர்'. தமிழிலும் மலையாளத்திலும் டாக்டர்கள் எப்படியோ பழைய கார்களின் காவல் தெய்வங்கள் ஆகிவிட்டார்கள். அவசர கேஸுக்கு நள்ளிரவில் ஓடியவரின் கார் ஏன் மென்மையாக ஓடியிருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

மட்டாஞ்சேரிக் கார் ஒன்று குறைவாக ஓடியிருப்பது நம்பக்கூடியதுதான். கடைக்கும் கிடங்குக்கும் கோயிலுக்கும் நடந்தே போகலாம், எர்ணாகுளத்துக்குப் படகு உண்டு. சம்பிரதாயத்தை அனுசரித்த யூத வீட்டுக் கார் என்றால் வெள்ளி மாலையிலிருந்து சனி மாலைவரை சக்கரம் நகர்ந்திருக்காது. வருடத்துக்கு 52 நாள் அதிலேயே கழிந்தது. ஆனால் நம்பக்கூடியது என்பது நிரூபணம் அல்ல. மைனரின் மீட்டர் மைலில் ஓடுவது, ஐந்து இலக்கம். 99,999 முடிந்தால் மறுபடி பூஜ்யம். மீட்டர் காட்டுகிற 28,000 உண்மையில் 1,28,000 ஆக இருக்கலாம். ஆகவே மீட்டரை விட்டுவிட்டு மற்ற சாட்சிகளை விசாரிக்க வேண்டும். கிளட்ச் பெடலின் ரப்பர் தேய்ந்து வழவழப்பாகியிருக்கிறதா, டிரைவர் சீட்டின் ஸ்பிரிங் வலது பக்கம் சாய்ந்திருக்கிறதா, ஓட்டுநர் கதவு கீலில் தொங்குகிறதா, ஸ்டியரிங் வளையத்தின் உச்சி மழுங்கியிருக்கிறதா? ஆயில் மாற்றிய தேதியும் மைலும் குறித்த பழைய டைரியோ, மெக்கானிக் பில்லோ, பெட்ரோல் கணக்கு எழுதிய நோட்டோ இருந்தால், அதைக் காரைவிட பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஜூ டவுனில் ஒரு பெட்டகத்துக்கு எந்தத் தறவாட்டிலிருந்து வந்தது என்று எழுத்தில் சாட்சி இருந்தால் விலை என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள்.

குறைவாக ஓடியது என்பதே உயர்வுதானா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. திருவிதாங்கூர் உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் மெர்சிடிஸ் பென்ஸ் 180 டி கேரளத்தின் புகழ்பெற்ற பழைய கார். எண் சி.ஏ.என். 42. 1950-களில் 12,000 ரூபாய்க்கு வாங்கியது. அது ஓடிய தூரம் 40 லட்சம் மைல் என்பது அரண்மனைக் கணக்கு. பதிலுக்கு இரண்டு புதுக் கார் தருகிறோம் என்று கம்பெனியே கேட்டும் அவர் கொடுக்கவில்லை என்பார்கள். 2013-ல் அவர் காலமானார். அந்தக் காரைத் தொழிலதிபர் எம்.ஏ. யூசுப் அலிக்குக் கொடுப்பதாக 2022-ல் செய்தி வந்தது. விற்கவில்லை, அன்பளிப்பு. அந்தக் காரின் மதிப்பே அது ஓடிய தூரம்தான்.

நிறுத்தியே வைத்த வண்டிக்கு வேறு வியாதிகள். பிரேக் சிலிண்டரின் ரப்பர் காய்ந்து வெடிக்கும். பெட்ரோல் டேங்கின் அடியில் பிசின் படியும். பூக்கள் தேயாத டயர், வயதினால் பாறையாகியிருக்கும். புதிய தொல்லை ஒன்றும் சேர்ந்திருக்கிறது. இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், அந்தக் காலத்து ரப்பர் குழாய்களை அரிக்கும். கொச்சியின் ஈரத்தில், மாதக்கணக்கில் நிற்கிற டேங்கில் இந்தப் பெட்ரோலை விட்டுவைப்பது புத்திசாலித்தனம் இல்லை. விற்க முடிவு செய்தவர் முதலில் செய்ய வேண்டியது டேங்கைக் காலி செய்து கழுவுவது. பிறகு குழாய்களை மாற்றுவது. கழற்றிய பழைய குழாய்களை எறியாமல் ஒரு பையில் போட்டு வண்டியோடு கொடுத்தால் வாங்குகிறவர் சந்தோஷப்படுவார்.

மைனரில் சாவியைத் திருப்பினால் எஸ்.யூ. பம்ப் 'டிக் டிக் டிக்' என்று அடித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் நிற்கும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ கசிகிறது. இன்னொரு எச்சரிக்கை. இந்த வண்டியில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். நவீன வண்டிப் பழக்கத்தில் மாற்றிக் கொடுத்துவிடுகிற இளைஞர்கள் உண்டு. பார்க்க வருபவருக்கு முன்னால் ஓர் அசம்பாவிதம் வேண்டாம்.

பெயின்ட்டில் கை வைக்கலாமா என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. வேண்டாம் என்பது என் கட்சி. விற்பதற்காகவே புதுப் பெயின்ட் அடித்த கார், துருவை மறைக்கிறது என்ற சந்தேகத்தைத்தான் கிளப்பும். மங்கிய அசல் பெயின்ட்டில் காலத்தின் மெருகு இருக்கிறது. வெண்கலத்தைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்துவிட்டுக் கொண்டுவருகிற வீட்டுக்காரரைப் பார்த்து ஜூ டவுன் வியாபாரி எப்படி முகம் சுளிப்பாரோ, கார் சேகரிப்பவரும் அப்படித்தான். துணிக்கூரை விஷயம் மட்டும் வேறு. கேரள மழைக்கு எந்தத் துணியும் அறுபது வருடம் தாங்காது. ஈரத்தோடு மடித்தால் ஒரே பருவத்தில் பூஞ்சை பிடித்துவிடும். பின்னால் இருக்கிற பிளாஸ்டிக் ஜன்னல் மஞ்சளாகி விரியும். கூரைத்துணி மாறியிருப்பதை யாரும் குற்றமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் அசலா என்றுதான் பார்ப்பார்கள்.

ஆவணங்கள் விஷயத்தில் கொச்சி இப்போது கூடுதல் கவனத்தோடு இருக்கிறது. 2025 செப்டம்பரில் சுங்கத் துறை 'ஆபரேஷன் நும்கோர்' என்ற பெயரில் கேரளமெங்கும் சோதனை நடத்தியது. நும்கோர் என்றால் பூட்டான் மொழியில் வண்டி. பூட்டான் வழியாகப் பழைய சொகுசு வண்டிகளைக் கடத்திவந்து, போலிப் பத்திரங்களைக்கொண்டு இங்கே பதிவு செய்தார்கள் என்பது துறையின் குற்றச்சாட்டு. பிரபல நடிகர்களின் வீடுகள்வரை சோதனை போனது. அறுபது வருடம் ஒரே ஷெட்டில் நின்ற மைனருக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான். ஆனாலும் இன்று வாங்க வருகிறவர் இன்ஜின் எண், சேஸிஸ் எண் இரண்டையும் ஆர்.சி.யோடு ஒப்பிட்டு, இறக்குமதி வண்டியென்றால் வந்த வழிக்குப் பத்திரம் கேட்பார். கேட்பதும் சரி. பாகம் கிடைக்காத காலத்தில் பல வண்டிகளில் வேறு இன்ஜின் ஏறியிருக்கிறது. அது ஆர்.சி.யில் பதிவாகியிருக்கிறதா என்று விற்பவரே முதலில் பார்த்துவிட வேண்டும்.

நம் உதாரணத்தில் இன்னொரு முடிச்சு. ஆர்.சி. இறந்துபோன பெரியவர் பேரில் இருக்கிறது. அதை அப்படியே வைத்துக்கொண்டு பிள்ளைகள் விற்க முடியாது. இறந்தவரின் வாரிசு மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துத் தன் பேருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டும். துபாயும் டொரண்டோவும் கையெழுத்துப் போட்டு அனுப்பும்வரை வாங்குபவர் காத்திருக்க மாட்டார். அம்மா உயிரோடு இருந்தால் அவர் பேருக்கு மாற்றுவதே சுலபம். பிறகுதான் விற்பனைக்கான படிவங்கள் 29-ம் 30-ம். விண்டேஜ் பதிவு வண்டியானால் விற்றவரும் வாங்கியவரும் 90 நாளுக்குள் தத்தம் மாநிலப் போக்குவரத்து அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும்.

இந்தத் தெருவுக்கு அவசரத்தில் விற்பதைப் பற்றித் தெரியும். இஸ்ரேல் பிறந்த பிறகு, 1950-களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் கூட்டமாகப் புலம்பெயர்ந்தார்கள். பணத்தை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக அன்றிருந்த கட்டுப்பாடுகள் சொத்துள்ள பரதேசி யூதர்களைக் கொஞ்ச காலம் தடுத்து வைத்தன. பிறகு அவர்களும் ஒவ்வொரு குடும்பமாகப் போனார்கள். வீட்டு வாசலில் உட்கார்ந்து பூத்தையல் துணி விற்ற சாரா கோஹன் 2019-ல் 96 வயதில் காலமானார். ஜெப ஆலயத்தை நிர்வகித்துவந்த குவீனி ஹலேகுவா 2024 ஆகஸ்டில். நானூறு வருடத்துக்குமேல் வாழ்ந்த ஒரு சமூகத்தின் வீடுகள் கடைகளாகிவிட்டன. அந்தக் கடைகளில் இன்றிருக்கும் சரக்கு பெரும்பாலும் அவர்களுடையது அல்ல. இடிபட்ட தறவாடுகளும் நம் செட்டிநாட்டு வீடுகளும் அனுப்பிவைத்தவை நிறைய.

கார்களில் இதே அவசரத்தைக் காட்டியவர்கள் மகாராஜாக்கள். சுதந்திரத்துக்குப் பிறகு வரவு சுருங்கியது. 1971-ல் மன்னர் மானியமே போயிற்று. வெளிநாட்டுத் தரகர்கள் வந்து ரோல்ஸ் ராய்ஸ்களைக் கிடைத்த விலைக்கு அள்ளிப்போனார்கள். பழைய கார்களை நாட்டைவிட்டுக் கொண்டுபோகத் தடை வருவதற்குள் நல்லவை பல போய்விட்டன. ராஜ்கோட் மகாராஜாவுக்காக 1934-ல் செய்த, கூரை மடிகிற ரோல்ஸ் ராய்ஸ் ஃபேன்டம் 2 அவற்றில் ஒன்று. காவிநிறம், பெயர் 'ஸ்டார் ஆஃப் இந்தியா'. 1968-ல் ஒரு பிரிட்டிஷ் சேகரிப்பாளரிடம் போனது. நாற்பது வருடம் கழித்து ஏலத்துக்கு வந்தபோது அதே ராஜ்கோட் குடும்பம் வாங்கித் திரும்பக் கொண்டுவந்தது. தாத்தா விற்றதைப் பேரப்பிள்ளை வாங்கும் சந்தர்ப்பம் எல்லாக் குடும்பத்துக்கும் வாய்க்காது.

வாங்க வருபவர்கள் மூன்று ரகம். கல்யாண வாடகைக்காரர் முதலில் வருவார், ரொக்கமும் அவரிடம்தான் இருக்கும். கேரளத்தில் கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுக்கும் பித்து முற்றியிருப்பதால் ஓப்பன் காருக்கு நல்ல கிராக்கி. ஆனால் விண்டேஜ் பதிவு வண்டியை வியாபாரத்துக்கு ஓட்ட விதி இடம் தரவில்லை. அதோடு அவர் கையில் போன வண்டிக்கு ஆறு மாதத்தில் சிவப்புப் பெயின்ட்டும், வெள்ளை ரெக்சின் சீட்டும், மியூசிக் சிஸ்டமும் வந்துவிடும். இரண்டாவது, சினிமாக்காரர். ஒரு படம் முடிந்ததும் வண்டி எங்கே நிற்கும் என்பது அவருக்கே தெரியாது. மூன்றாவது, சேகரிப்பவர். இவர் குறைத்துக் கேட்பார், பத்து முறை வந்து பார்ப்பார், வண்டிக்கு அடியில் படுப்பார், கைகாட்டி பக்கவாட்டிலிருந்து எழும்பவில்லை என்று ஆயிரம் ரூபாய் தள்ளச் சொல்வார். இவரிடம் கொடுங்கள். சென்னை, கோவை, பெங்களூரில் இருக்கும் பழைய கார் சங்கங்கள் வழியாக இவரைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கோவை அவிநாசி சாலையில் உள்ள ஜி.டி. கார் மியூசியத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால், வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதும் புரியும்.

பாகங்கள் கிடைக்குமா என்று அவர் கேட்டால் தைரியமாகத் தலையாட்டலாம். மைனரின் தகடுகளை 1990-களில் இலங்கையில் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள். அங்கே இந்த வண்டி இன்னும் தெருவில் ஓடுகிறது.

விலைக்கு அச்சடித்த பட்டியல் ஏதும் இல்லை. இதே மாடல், இதே நிலையில் சமீபத்தில் எவ்வளவுக்குப் போயிற்று என்று இரண்டு சங்கங்களில் விசாரித்துவிட்டுச் சொல்ல வேண்டியதுதான். ஜூ டவுன் கடைக்காரரைப்போல மூன்று மடங்கு சொல்லிவிட்டு இறங்கும் வித்தை இங்கே எடுபடாது. கார்க்காரர்கள் திரும்பி வருவதில்லை. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி குற்றம். அபராதம் வாங்கிய தொகை அளவுக்கே வரும். வங்கி வழியாக மட்டும் வாங்குங்கள்.

காலமும் முக்கியம். கேரளத்தில் ஓப்பன் காரைக் காட்ட நல்ல மாதங்கள் டிசம்பரும் ஜனவரியும் பிப்ரவரியும். அப்போது கூரையை இறக்கிவிட்டு, வாங்க வந்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, பஜார் சாலையின் லாரிகளுக்கு நடுவில் ஒரு சுற்று வரலாம். இன்ஷூரன்ஸ் நடப்பில் இருக்க வேண்டும், மறந்துவிடக்கூடாது. இடவப்பாதி மழை ஜூன் முதல் வாரம் வந்துவிடும். அதற்குள் பேச்சு முடியாவிட்டால் ஓணம்வரை காத்திருப்பது உத்தமம்.

முடிந்துவிட்டால், புதுச் சொந்தக்காரர் அதே வண்டியை ஓட்டிக்கொண்டே கோவைக்கோ சென்னைக்கோ போகிறேன் என்று உற்சாகப்பட்டால் அனுமதிக்காதீர்கள். பாலக்காடு தாண்டும் முன் ரேடியேட்டர் கொதிக்கும். தட்டை லாரியை வரவழைத்து, சக்கரங்களைப் பட்டையால் கட்டி, தார்ப்பாய் போட்டு அனுப்ப வேண்டும். லாரி குறுகலான தெருவுக்குள் வராது. ஆகவே முக்கு வரைக்கும் வீட்டுக்காரர்களே தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கும். டைரி, பில்கள், பழைய ரப்பர் குழாய்ப் பை, உதிரிச் சாவி எல்லாவற்றையும் முன்சீட்டில் வையுங்கள். படிவம் 29-ன் நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.